பிறை பார்த்து நடந்த கரை

திருவண்ணாமலை என்றவுடன் வாசகர்கள் கார்த்திகைத் தீபம் ஏற்றப்படும் வடக்கத்திப் பெருமலையை நினைத்துக்கொள்ளக் கூடும். நான் குறிப்பிடுவது ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி இருக்கும் சிறிய திருவண்ணாமலையை. குன்றின் மேல் பெருமாள் கோயில் இருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டார மக்களெல்லாம் அங்கே திரள்வார்கள். இப்பகுதிச் சிறுவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் பணியில் இருப்பவன் நான். எங்கள் பிள்ளைகள் மலையை அறிந்தவர்கள். செண்பகத்தோப்பு ஓடையில் எப்போது நீர் வரும், சாம்பல் நிற மலை அணில் எந்த மரத்தில் கூடு கட்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கடல் மட்டும் தெரியாது. மிக அருகிலுள்ள கரைக்கே நூறு கிலோமீட்டர் போக வேண்டும்.

கடலைப் பற்றிய பேச்சு எங்களிடையே தொடங்கியதற்குக் காரணம் பனி. மாணவன் ஒருவனுடைய மாமா கனடா நாட்டில், நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் வேலை பார்க்கிறார். குளிர்காலத்தில் பனியின் மேல் நடப்பதற்கென்று அங்கே தனிச் செருப்பு உண்டு என்று அவர் தொலைபேசியில் சொன்னாராம். வகுப்பே சிரித்தது. தமிழில் புல்நுனியில் நிற்பதும் பனி, மலையை மூடுவதும் பனி, அந்த நாட்டில் இடுப்பளவு கொட்டிக் கிடப்பதும் பனிதானே! மார்கழிப் பனியில் நடப்பதற்கு எதற்குத் தனிச் செருப்பு என்று அவர்கள் கேட்டதில் குற்றமில்லை. அந்தச் செருப்பு முறம் போல அகன்றது. உடலின் பாரத்தைப் பரப்பிவிடுவதால் கால் புதைவதில்லை என்று விளக்கினேன். மணலில் ஒட்டகத்தின் அகன்ற பாதம் செய்யும் வேலையும் அதுவே. ஒட்டகத்தைப் பார்த்துச் சிந்திக்குமாறு அழைக்கும் அல்காஷியா அத்தியாயத்தை அவ்வாரம்தான் ஓதியிருந்தார்கள். ஆதலால் எளிதில் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த மாமா சொன்ன அடுத்த செய்திதான் அவர்களைத் திகைக்க வைத்தது. அவர் வசிக்கும் மாகாணத்தை ஒட்டிய ஃபண்டி வளைகுடாவில் கடல் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. வளைகுடாவின் உட்கோடியில் அந்த ஏற்ற இறக்கம் பதினாறு மீட்டர் வரை செல்லும்; அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம். காலையில் படகு மிதந்த இடத்தில் பிற்பகலில் மனிதர் நடக்கலாம். ஹோப்வெல் பாறைகள் என்னுமிடத்தில் அவ்வாறு நடப்பதற்கென்றே மக்கள் வருகிறார்கள்; நீர் திரும்பும் நேரத்தை அறியாமல் எவரும் இறங்குவதில்லை. “தண்ணீர் எங்கே போகிறது ஹஜ்ரத்? யார் சொல்லித் திரும்பி வருகிறது?” என்று கேட்டான் பத்து வயதுச் சிறுவன் ஒருவன். கரும்பலகையில் வட்டங்கள் போட்டு விளக்கிப் பார்த்தேன். வட்டங்களைப் பார்த்தார்கள், கடல் அவர்கள் கண்ணுக்குள் வரவில்லை. அரையாண்டு விடுமுறையில் அழைத்துப் போவதென்று முடிவு செய்தேன்.

பெற்றோரிடம் அனுமதி கேட்டபோது இரண்டு வகையான மறுப்புகள் எழுந்தன. “ஓதுவதற்கு அனுப்புகிறோம், ஊர் சுற்றுவதற்கு அல்ல” என்றார் ஓர் அத்தா. இதற்கு என்னிடம் விடை இருந்தது. வானையும் பூமியையும் கடலில் செல்லும் கப்பலையும் கவனிக்கச் சொல்லும் வேதத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளை கடலையே பார்க்கக் கூடாது என்றால் எப்படி என்று கேட்டேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். மற்றொரு மறுப்பு ஒரு தாயுடையது. “ஹஜ்ரத், சுனாமி வந்த கடலுக்கா என் பிள்ளையை அனுப்புவது?” என்றார். அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கடலோரத்தில் அன்றி எங்கள் மலையடிவாரத்தில் வாழும் தாய்மாரிடமும் அந்த அச்சம் இன்னும் இருக்கிறது. அவருக்குச் சொன்ன விடையைப் பின்னர் எழுதுகிறேன்.

கீழக்கரைக்கு அருகே ஒரு கரையில் இரண்டு நாட்கள் தங்கினோம். வாடைக் காற்றின் காலம் அது. வாடை வடகிழக்கிலிருந்து, நிலத்தைக் கடந்து வருவதால் தெற்கு நோக்கிய அந்தக் கரையில் கடல் அடங்கியிருக்கும். கச்சான் வீசும் கோடையில்தான் அங்கே அலை சீறும். ஸுப்ஹு தொழுதுவிட்டு இருள் பிரியும் முன்பே நடக்கத் தொடங்கினோம். சொகுசான மணற்கரை என்று எண்ணி வந்த பிள்ளைகளுக்குக் கால் வைத்ததும் உண்மை தெரிந்தது. உடைந்த பவளக் கற்கள், சிப்பி ஓடுகள், மணலும் சுண்ணாம்பும் இறுகிக் கல்லாகிப் போன பாறைத் தட்டுகள் என்று கரை முழுவதும் கூர்மை. தட்டுகளின் குழிகளில் தேங்கிய நீரில் சிறு நண்டுகளும் மீன் குஞ்சுகளும் அடுத்த ஏற்றத்திற்காகக் காத்திருந்தன. கடல்நீர் தூய்மையானது என்னும் நபிமொழியைப் பாடத்தில் படித்திருந்தவர்கள், அந்நீரிலேயே உளூச் செய்துவிட்டு உப்புக் கரிக்கிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள்.

வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சலாம் சொன்னார். மதரஸா பிள்ளைகள் என்று அறிந்ததும், “இன்று பிறை என்ன?” என்று கேட்டார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் டிசம்பர் மாதத் தேதியைச் சொன்னான். “அதை வைத்து நான் என்ன செய்ய, வாப்பா? தண்ணீருக்கு அந்தத் தேதி தெரியாதே” என்றார் பெரியவர். நோன்பு வைத்திருந்த மூத்த மாணவர் இருவர்தாம் “பதினான்கு” என்றார்கள். ஒவ்வொரு மாதமும் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தாம் பிறைகளில் வைக்கப்படும் சுன்னத்தான நோன்பு அது. “உங்களுக்கு நோன்பு நாள், எங்களுக்குப் பெரிய தண்ணீர் நாள்” என்றார் அவர்.

அன்றைய பாடத்தை அந்தப் பெரியவரே தொடங்கி வைத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். நீர் ஏறிய எல்லையில் ஒரு குச்சியை நட்டோம். நீர் வடிய வடிய அதன் ஓரத்தில் குச்சிகளை நட்டுக்கொண்டே போனார்கள் பிள்ளைகள். மன்னார் வளைகுடாவில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஃபண்டியின் பதினாறு மீட்டருக்கு முன் அது ஒன்றுமே இல்லை. ஆயினும் கரை தட்டையாக இருப்பதால் அந்தச் சிறு இறக்கத்திலேயே நெடுந்தூரம் தரை வெளிப்பட்டது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் நீர் நின்று, திரும்பி, குச்சிகளை ஒவ்வொன்றாக மூழ்கடித்துக்கொண்டு வந்தது. மறுநாள் அதே குச்சியை நீர் தொட ஐம்பது நிமிடம் போலத் தாமதமாயிற்று. சந்திரன் நாள்தோறும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிந்தித்தான் உதிக்கிறது. கடலை இழுப்பது பெரும்பாலும் அதன் ஈர்ப்புதான். சூரியனும் தன் பங்குக்கு இழுக்கிறது. தலைப்பிறையிலும் பதினைந்திலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், அந்நாட்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும் நீர் மிக ஏறி மிக இறங்கும். ஏழு, எட்டிலும் இருபத்திரண்டு, இருபத்துமூன்றிலும் குறுக்கே நின்று இழுப்பதால் ஓதம் தளர்ந்துபோகும்.

அப்படியானால் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டி ஓர் ஓத அட்டவணையும் ஆகிறது. ஆங்கில மாதத்தின் தேதி கடலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பிறையின் எண் சொல்லிவிடும். பிறைகள் எதற்கு என்று கேட்கப்பட்டதற்குரிய விடை அல்பகரா அத்தியாயத்தில் இருக்கிறது. மக்களின் காலக் கணக்கும் ஹஜ்ஜும் அங்கே சேர்ந்தே பேசப்படுகின்றன. நாமோ ரமளானுக்கும் பெருநாளுக்கும் பிறை கண்டதா இல்லையா என்று ஊருக்கு ஊர் வாதிட்டுக்கொள்கிறோம். மற்ற மாதங்களில் மஃரிபுக்குப் பின் அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்? முன்னோர் இப்படி இருக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் அபூ மஅஷர் சந்திரனுக்கும் ஓதத்துக்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதினார். அந்நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியர் நெடுங்காலம் அதிலிருந்தே இதைக் கற்றார்கள். அல்பீரூனி இந்தியாவைப் பற்றிய தம் நூலில் கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்.

ஏட்டறிவு இல்லாமலும் பிறைக் கணக்கில் வாழ்கிறவர்களை அந்தக் கடற்பகுதியிலேயே காணலாம். நோன்பு திறக்கும் நேரத்தில் நம் வீடுகளில் வைக்கப்படும் கடல்பாசியை அறியாதவர் இல்லை. அது ஒரு வகைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள். அத்தகைய பாசிகளுள் ஒன்றான மரிக்கொழுந்துப் பாசியை மன்னார் வளைகுடாவில் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விரல்களில் துணியைச் சுற்றி, காலில் ரப்பர் செருப்பை மாட்டி, மூச்சை அடக்கி மூழ்குகிறார்கள். பனிக்கு ஒரு செருப்பு என்றால் பவளப் பாறைக்கு ஒரு செருப்பு. இந்தப் பெண்கள் தமக்குள் பேசி, பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அமாவாசையை ஒட்டி ஆறு நாள், ஆக மாதத்தில் பன்னிரண்டு நாட்களே பாசி எடுப்பதென்று வரையறுத்துக்கொண்டார்கள். மற்ற நாட்களில் பாசி வளர விடுகிறார்கள். அவர்களுள் ஒருவரான பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டில் சீகாலஜி என்னும் பன்னாட்டு விருது கிடைத்தது. நாம் இஃப்தாரில் ஒரு கரண்டி எடுத்து வாயிலிடும்போது இந்த உழைப்பு நம் நினைவுக்கு வருவதில்லை.

மும்பையிலுள்ள ஹாஜி அலி தர்காவுக்குச் சென்று வந்தவர்கள் நம்மில் பலர். (ஸியாரத் பற்றிய கருத்து வேறுபாடுகளுக்குள் நான் இங்கே புகவில்லை, சொல்ல வந்தது பாதையைப் பற்றி.) கரையிலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் கடலுக்குள் ஓடும் அந்தத் தாழ்ந்த பாதை பெரும் ஏற்றத்தில் நீருக்குள் மறைந்துவிடும். மும்பையில் ஓதத்தின் உயரம் நம் கரையைப் போலப் பல மடங்கு. பிறை ஒன்றிலும் பதினைந்திலும் அங்கே நீர் உச்சத்தை எட்டுவது ஏறத்தாழ நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி. காலையிலும் மாலையிலும் பாதை திறந்திருக்கும். இதை அறியாமல் லுஹருக்குப் போய் நிற்பவர், வந்த வழியைக் காணாமல் நீர் வடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இனி அந்தத் தாய்க்குச் சொன்ன விடை. 2004 டிசம்பர் 26 ஒரு பௌர்ணமி நாள். துல்கஅதா மாதத்தின் நடுப்பகுதி. சந்திரனால்தான் கடல் பொங்கியது என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். அது தவறு. சுமத்ரா அருகே கடலடியில் நிலம் பிளந்ததால் எழுந்த அலை அது, பௌர்ணமி தற்செயல். ஓதம் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கும். அன்றோ பல கரைகளில் கடல் சில நிமிடங்களில் வற்றிப் பின்வாங்கியது. வழக்கமான வற்றம் எது, வழக்கமில்லாதது எது என்று அறியாதவர்கள் வெளிப்பட்ட தரையைப் பார்க்கவும் துள்ளிய மீன்களைப் பொறுக்கவும் இறங்கினார்கள். அவர்களுள் பலர் திரும்பவில்லை.

நிலம் பிளந்த இடத்துக்கு மிக அருகில் இருந்தது இந்தோனேசியாவின் சிமலூ தீவு. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். 1907ஆம் ஆண்டில் அங்கே ஒரு சுனாமி வந்து பெரும் உயிர்ச்சேதம் விளைவித்திருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஸ்மோங். நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துத் தாய்மார்களும் பாட்டிமார்களும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004இல் தீவு முழுவதும் மலைக்கு ஓடிற்று. மாண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். “உங்கள் பிள்ளை கடலை விட்டு விலகியிருந்தால் அச்சமில்லை என்கிறீர்கள், நாளை பிழைப்புக்கு அவன் எந்தக் கரைக்குப் போவானோ, யார் அறிவார்? கடலின் வழக்கத்தை அறிந்தவனாகப் போகட்டுமே” என்றேன். அந்தத் தாய் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கம்பளிச் சட்டை எடுத்து வைக்க வேண்டுமா என்று கேட்டார்.

அந்தப் பிள்ளைதான் ஊர் திரும்பிய பின்னர் எங்கள் கண்மாயில் ஒரு குச்சியை நட்டு வைத்தவன். நான்காம் நாள் ஓட்டமாக வந்து, தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது, பிறை இருபது ஆகிவிட்டதே அதனாலா என்று கேட்டான். மடை திறந்து நெல்லுக்குப் பாய்கிறது, அதனால்தான் என்று சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை. மடை எந்தப் பிறையில் திறந்தது என்று நீர்பாய்ச்சியிடமே விசாரித்து வருவதாகச் சொல்லிப் போய்விட்டான்.