மூன்று தட்டு

"டீச்சர், அமெரிக்காவில் பொழுது எப்படிப் போகிறது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். மகனோடு சேர்ந்து கார் ஷெட்டில் விமானம் கட்டுகிறேன். விளையாட்டில்லை, நிஜமாகவே இரண்டு பேர் உட்காரும் விமானம். அலுமினியத் தகடுகளாகப் பெட்டியில் வருகிறது. பாதி வேலைக்கு மேல் நாமே செய்தால்தான் 'சொந்தமாகக் கட்டியது' என்று இந்நாட்டுச் சட்டம் ஒப்புக்கொள்ளும்.

தகடுகளைச் சேர்த்துப் பிடிப்பது ரிவெட். வாணலியில் கைப்பிடியைப் பிடித்திருக்குமே, அந்த மொட்டை ஆணிதான். ஒரு பக்கம் மகன் காற்றுத் துப்பாக்கியால் ஆணியின் தலையில் படபடவென்று அடிப்பான். மறுபக்கம் நான் ஒரு கனமான உலோகக் கட்டியை அதன் வாலில் அணைத்துப் பிடிக்க வேண்டும். பக்கிங் பார் என்று பெயர். அடிபட்டு வால் நசுங்கி இன்னொரு தலையாகிவிடும். 1/8 அங்குல ஆணி என்றால் நசுங்கிய தலை 3/16 அங்குல அகலமும் 1/16 அங்குல உயரமும் இருக்க வேண்டும். (பின்னம் எதற்கு டீச்சர் என்று கேட்டவர்கள் கவனிக்கவும்.) விலாத் தகட்டின் ஓட்டைக்குள் என் சின்னக் கை நுழையும். அதனால்தான் எனக்கு இந்த உத்தியோகம்.

வால் இறக்கையில்தான் வில்லங்கம் வந்தது. மூன்று விலாக்களில் ஒன்பது ஆணிகளின் தலை ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. மகன் காற்றழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தான். ஆணி நீளமாக இருந்தால் மடங்கிச் சாயும் என்று நீளத்தை அளந்தான், சரியாகவே இருந்தது. துளை ஓரத்தில் பிசிறு இருந்தால் தகடுகளுக்கு நடுவே இடைவெளி விழும், ஆணி அதற்குள் பிதுங்கும் என்று அதையும் பார்த்தான். பிசிறும் இல்லை. இரண்டு மாலைகள் இப்படியே போயின.

காரணம் எனக்குத் தெரியும். நின்றுகொண்டே பிடித்ததில் மணிக்கட்டு வலித்து, கையை விலாவின் விளிம்பில் சாய்த்திருந்தேன். கையோடு கட்டியும் சாய்ந்தது. சொன்னால் "நீ போய் ரெஸ்ட் எடும்மா" என்பான் என்ற பயம். இந்த ஷெட்டை விட்டால் எனக்கு டிவிதான்.

ஆனால் அந்த இறக்கையில் என் பிள்ளை பறக்கப்போகிறான் என்ற நினைப்பு தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் காபியோடு போய்ச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "ஏம்மா, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" முப்பது வருஷம் நான் உங்களைக் கேட்ட கேள்வி.

ஒன்பதையும் பிடுங்கிவிடலாம் என்றேன். வேண்டாம் என்றான். நல்ல துளையை அவசரத்தில் துளைத்துக் கெடுப்பது, லேசாகச் சாய்ந்த ஆணியைவிட மோசமாம். ஒவ்வொன்றாக அளவுகோல் வைத்துப் பார்த்தான். மூன்று, அனுமதித்த அளவுக்குள் இருந்தன, விட்டுவிட்டோம். மற்ற ஆறையும் எடுத்தோம். தலையின் நடுவே பிறவியிலேயே ஒரு சின்னக் குழி இருக்கிறது. டிரில்லை அதில் நிறுத்தி, தலையின் ஆழம் மட்டும் துளைத்து, தலையை நெம்பி உடைத்து, பின்பக்கம் கட்டை முட்டுக்கொடுத்துத் தண்டைத் தட்டி எடுக்க வேண்டும். ஐந்து நல்லபடியாக வந்தன. ஆறாவதில் டிரில் நழுவித் துளை முட்டை வடிவமாகிவிட்டது. விளிம்புக்குப் போதுமான தூரம் இருந்ததால் துளையைப் பெரிதாக்கி 5/32 அங்குல ஆணி போட்டோம்.

சிவப்பு மையால் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளியவள் நான். அந்த மூன்றை விட்டுவைத்தது அன்றிரவும் உறுத்தியது, உண்மையைச் சொல்கிறேன்.

இப்போது எனக்கு ஸ்டூல் உண்டு. கட்டியும் டங்ஸ்டன், உருவம் சின்னது, கனம் அப்படியே. துப்பாக்கிச் சத்தத்தில் பேச முடியாது, காதில் அடைப்பான் வேறு. அதனால் விமானத் தொழிலில் உள்ள தட்டு பாஷையைப் பழகியிருக்கிறோம். ஒரு தட்டு, அடிக்கலாம். இரண்டு, சரியாக வந்தது. மூன்று, கெட்டுப்போனது, எடுக்க வேண்டும். நேற்று இரண்டு தடவை மூன்று தட்டு தட்டினேன். ஒன்று என் கை நழுவியது. இன்னொன்று அவன் துப்பாக்கி வழுக்கி, தலையில் பிறை மாதிரி தழும்பு விழுந்தது.

படம் போட்டிருக்கிறேன். நடு விலாவில் மேலிருந்து இரண்டாவது ஆணி கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதல்லவா, அதுதான்.