ஓரெழுத்து, இரு காந்தாரங்கள்

1926இல் லக்னோவில் மாரிஸ் இசைக் கல்லூரி உருவாக முதன்மைக் காரணராயிருந்த விஷ்ணு நாராயண் பாத்கண்டே, இந்துஸ்தானி இசைக்கு எளியதொரு சுரக்குறியீட்டை வகுத்தார். கரானாக்களுக்குள் அடங்கிக் கிடந்த உருப்படிகள் பல அதனால் பொதுமாணவர்க்கும் கிட்டின.

ஆயினும் குறியீட்டுக்கு எல்லை உண்டு. பீம்பலாசியின் கோமள காந்தாரமும் தர்பாரி கானடாவின் கோமள காந்தாரமும் தாளில் ஒரே எழுத்து, ஒரே அடிக்கோடு. பாடுகையிலோ தர்பாரியின் காந்தாரம் சற்றே தாழ்ந்து, மெல்ல அசைந்தாடும். இவ்வேறுபாட்டைக் கண் காணாது; செவியே அறியும்.

ஆதலால் இளம் மாணவர் தம்பூராச் சுருதியில் ஒன்றிக் கேட்கவும், கேட்டதைத் திரும்பப் பாடவும் முதலில் பழக வேண்டும். எழுதுவது அதன் பின்னரே. எழுத்து முந்தினால் சுரம் வாய்க்கும், ராகம் வாய்க்காது. தேர்வுத்தாளில் செவிக்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பாடத்திட்டம் வகுப்போர் எண்ணிப் பார்த்தல் நன்று.