பனிச்சாலையும் பங்கு வண்டியும்

வண்டிக்கு டயர் வாங்கிய கதையை ஒரு குடும்ப இதழில் எழுத வேண்டுமா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். நான்கு டயர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு நாங்கள் செலவிட்ட சிந்தனையை, குருமடத்தில் மெய்யியல் தேர்வுக்குக்கூடச் செலவிட்டதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

கனடா நாட்டின் சஸ்காச்சுவான் மாநிலத்தில், கோதுமை வயல்கள் சூழ்ந்த ஒரு சிற்றூர்ப் பங்கில் நாங்கள் இருவர் பணியாற்றி வருகிறோம். இருவருமே குமரி மாவட்டத்து மலையோரத்தில் பிறந்தவர்கள். எங்கள் பொறுப்பில் மூன்று ஆலயங்கள் உள்ளன. ஞாயிறு காலை ஒன்றில் திருப்பலி முடித்து, அடுத்ததை அடைய 40 கி.மீ. ஓட வேண்டும். இதற்கென்று விவசாயக் குடும்பம் ஒன்று பழைய பிக்கப் வண்டியைப் பங்குக்கு அளித்திருந்தது. முன்னே இருக்கைகள், பின்னே திறந்த தொட்டி. நம் ஊரில் மீனும் வாழைக்குலையும் ஏற்றிச் செல்லும் சிறு லாரியின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம்.

அவ்வண்டியின் டயர்கள் பார்ப்பதற்கு வீரம் மிக்கவை. கட்டை கட்டையாகத் தடித்த ரப்பர், நடுவே அகன்ற பள்ளங்கள். பக்கச்சுவரில் ‘எம்+எஸ்’ என்ற எழுத்துகள் வேறு. மண்ணுக்கும் பனிக்கும் உரியது என்பது அதன் பொருள். பனிக்கு உரியது என்று டயரே சாட்சி சொல்லும்போது மேலும் என்ன வேண்டும்? பங்கின் நிதிக்குழுவிலிருந்த முதிய விவசாயி ஒருவர், “ஃபாதர், இவை கோடைக்குத்தான் நல்லவை. குளிர்காலத்துக்கு வேறு டயர் போடுங்கள்” என்று 2018 ஆம் ஆண்டு அக்டோபரிலேயே சொன்னார். அவ்வாண்டு ஆலயக் கூரை பழுதுபார்ப்புக்கே காணிக்கைப் பணம் போதவில்லை. ஏழைப் பங்கின் பணத்தை எங்கள் வசதிக்குச் செலவிடலாகாது என்று எண்ணி, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தோம். அது சிக்கனம் என்றே அன்று எங்களுக்குத் தோன்றிற்று.

2019 ஜனவரியில் ஓர் இரவு, பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. 38 கி.மீ. தொலைவிலிருந்த பண்ணை வீட்டில் மூதாட்டி ஒருவர் மரணத் தறுவாயில் இருந்தார். நோயிற்பூசுதல் வேண்டும் என்று அவருடைய கணவர் கேட்டார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 31 டிகிரி. குளிர்கால இரவில் தனியே செல்வதில்லை என்பது எங்கள் வழக்கமாதலால் இருவருமே புறப்பட்டோம். இங்கே வண்டியின் எஞ்சினுக்கே மின்சாரக் கம்பி செருகி இரவெல்லாம் சூடேற்றி வைக்க வேண்டும். இல்லையேல் எண்ணெய் தேன்பாகுபோல் தடித்துப் போகும். அந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, நற்கருணையையும் திரு எண்ணெயையும் உட்பைக்குள் வைத்துக்கொண்டு சென்றோம்.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும்படி மாற்றியிருந்தபடியால் வண்டி தயங்காமல் புறப்பட்டது. அதுவே எங்களை ஏமாற்றிற்று. நான்கு சக்கர விசை வண்டியை நகர்த்தத்தான் உதவும். நிறுத்துவதற்கு அது ஒரு விரலளவும் உதவாது. நிறுத்துவது டயரின் வேலை. சரளைச் சாலை ஓடைப் பள்ளத்தில் இறங்கி வளையும் இடத்தில் இளையவர் மெதுவாகப் பிரேக்கை அழுத்தினார். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. பாரமற்ற பின்புறம் ஊஞ்சல்போல் ஒரு பக்கமாக வீசிச் சுழன்று, வண்டி சாலையோரப் பனிக்குழியில் சாய்ந்து அமர்ந்தது. இருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. தொலைபேசியில் அழைத்து, டிராக்டர் வந்து எங்களை இழுத்து வெளியேற்ற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வண்டியில் வைத்திருந்த தகரக் குவளை மெழுகுவர்த்தியை ஏற்றி, செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் அந்த வீட்டை அடைந்தபோது மூதாட்டி இறந்து அரைமணி ஆகியிருந்தது.

இறந்தோருக்கான செபங்களைச் சொன்னோம். கணவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அடுப்பில் காப்பி வைத்து எங்கள் இருவருக்கும் ஊற்றித் தந்தார். எங்கள் கைகள் விறைத்திருப்பதைக் கண்டு, கோப்பையைச் சிறிது நேரம் அவரே பிடித்துக்கொண்டார். இறைவனின் இரக்கம் எங்கள் டயர்களைச் சார்ந்ததன்று என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும், திரும்பும் வழியில் எங்களில் மூத்தவர் கூரைக் கணக்கைப் பற்றி எதுவும் பேசவில்லை.

அந்தப் பருவத்தில் எங்கள் அளவுக்கேற்ற குளிர்கால டயர் கடையில் தீர்ந்துவிட்டிருந்தது. ஏப்ரல் வரை அந்த நிதிக்குழு முதியவரே தம் வண்டியை எங்களுக்கு இரவல் தந்தார். அக்டோபர் மாதம் எங்களைக் கடைக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. டயரைப் படிக்கக் கற்றது அவரிடமிருந்துதான்.

வெப்பம் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போதே சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. 30 டிகிரி உறைகுளிரில் அது மரக்கட்டையாகிவிடும். மரக்கட்டை எப்படிச் சாலையைப் பற்றும்? குளிர்கால டயரின் ரப்பரோ அக்குளிரிலும் நெகிழ்ந்திருக்கும்படி கலக்கப்பட்டது. அந்தக் கலவையில் சிலிகா எனும் மணற்சத்தும், இயற்கை ரப்பரும் இடம்பெறுகின்றன என்று கேட்டபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு எங்கள் தந்தையர் வெட்டிய மரத்தின் பால், சிரட்டையில் சொட்டுச் சொட்டாக வடிந்த அதே பால், பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 70 டிகிரி வரை கண்ணாடிபோல் இறுகாத இயல்புடையதாம். பனியையே காணாத குலசேகரத்து மரத்துக்கு இப்படியொரு குணத்தைப் படைத்தவர் ஏன் வைத்தார் என்று எங்களில் இளையவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது, எழுத்துகளை நம்பாமல் சின்னத்தைத் தேட வேண்டும். ‘எம்+எஸ்’ என்பது பள்ளங்களின் வடிவத்தை மட்டுமே குறிப்பது. அதைப் பொறிப்பதற்கு டயரைப் பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் பனிப்பூவும் வரைந்த சின்னம் 1999 இல் வந்தது. இறுகிய பனியில் இழுவைத் திறனைச் சோதித்துத் தேறிய டயருக்கே அது உரியது. எங்கள் பழைய வீரர்களைத் திரும்பிப் பார்த்தோம். மலையும் இல்லை, பூவும் இல்லை.

அவற்றின் தடித்த கட்டைகள் சேற்றுக்கு ஏற்றவை. பனிக்கோ கட்டைகளின் மேல் கத்தியால் கீறியது போன்ற நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் வேண்டும். சைப் என்ற அமெரிக்கர் 1923 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வெட்டுகளுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. சக்கரம் உருளும்போது ஒவ்வொரு வெட்டும் வாய் திறந்து பனியைக் கவ்வுகிறது. டயரின் இடுக்குகளில் வெண்பனி அடைத்துக்கொண்டால் கெடுதல் என்று எண்ணி, ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நாங்கள் குச்சியால் நோண்டி எடுத்து வந்தோம். அதைக் கேட்டு முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். பனியைப் பனிதான் நன்றாகப் பற்றும் என்றும், குழந்தைகள் பனியுருண்டை பிடிப்பதைப் பார்த்ததில்லையா என்றும் கேட்டார். பின்லாந்து நாட்டவர் 1934 இலேயே லாரிக்கென்று குளிர்கால டயர் செய்துவிட்டார்கள். கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அத்தகைய டயர் இல்லாமல் வண்டியோட்டுவது சட்டப்படிக் குற்றம். எங்கள் மாநிலத்தில் சட்டம் இல்லை. அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் பாதிச் செலவாயிற்றே என்று மூத்தவர் மெல்லக் கேட்டார். பழக்கம் எளிதில் போகாது. முன்னும் பின்னும் பற்றுதல் வேறுபட்டால் வண்டி சுழல்வதற்கு வாய்ப்பு அதிகம் என்று கடைக்காரர் மறுத்துவிட்டார். பின்னர், விலை குறைந்த கார் வகை டயர் ஒன்றில் எங்கள் கண் சென்றது. அதே அகலம், அதே உயரம், அழகிய பனிப்பூச் சின்னம். அப்போதும் முதியவர் எங்களைக் கையைப் பிடித்து வண்டியின் கதவருகே இட்டுச் சென்று, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டினார். எங்களது கனவகைப் பிக்கப். அதற்கு எல்.டி. 245/75 ஆர் 17 என்ற அளவும் ‘இ’ என்ற சுமைத் தரமும் வேண்டுமென்று அதில் எழுதியிருந்தது. டயரில் 121 என்ற எண் இருந்தால் ஒன்று 1,450 கிலோ தாங்கும் என்பது கணக்கு. காருக்குரிய டயர் பனியில் நிற்குமாயினும், ஆலய விழாவுக்கு மேசைகளும் நாற்காலிகளும் ஏற்றும் நாளில் பாரத்தில் தோற்றுவிடும். இன்னும் அகலமான டயர் கம்பீரமாக இருக்குமே என்ற இளையவரின் ஆசையும் அங்கேயே அடங்கிற்று. அகன்றது பனியின்மேல் மிதக்கும், குறுகியது பனியை வெட்டி அடியிலுள்ள சாலையைத் தொடும் என்றார்கள்.

இறுதியாக, பக்கச்சுவரின் நீண்ட குறியீட்டில் கடைசி நான்கு எண்கள். எங்களுடையவற்றில் 3119 என்றிருந்தது: 2019 ஆம் ஆண்டின் 31 ஆவது வாரத்தில் பிறந்தவை. நான்குக்கும் சேர்த்து 1,200 டாலர். நிதிக்குழுக் கூட்டத்தில் இச்செலவை முன்வைக்க நாங்கள் நீண்ட விளக்கம் எழுதிக்கொண்டு சென்றோம். அதைப் படிக்கும் முன்பே அனைவரும் கையுயர்த்திவிட்டார்கள். கூரை மேலும் ஓராண்டு ஒழுகிற்று.

டயர் பூட்டிய பின்னும் வேலை உண்டு. குளிர் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரி வீழ்ந்தால் சுமார் இரண்டு பவுண்டு குறையும். ஆகவே, சனிக்கிழமை தோறும் பாவசங்கீர்த்தனம் கேட்டு முடிந்ததும் அழுத்தமானியுடன் சக்கரங்களைச் சுற்றி வருகிறோம். ரப்பரின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் பனிக்கு உதவாது என்பதால் அதையும் அளந்து, ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு அருகே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறோம்.

நவம்பர் மாதத்தில், அனைத்து ஆன்மாக்கள் நாளுக்கு மறுநாள், பங்குமனை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இறந்த மூதாட்டியின் கணவர் இறங்கினார். எங்கள் புதிய டயர்களை நான்கு பக்கமும் குனிந்து பார்த்தார், விரலை வெட்டுகளுக்கிடையே செலுத்திப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு தம் வண்டியிலிருந்து மணல் நிரப்பிய பைகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து வந்தார். உதவ முன்வந்த இளையவரை விலகச் சொல்லிவிட்டார். பிக்கப்பின் பின்புறம் வெறுமையாக இருந்தால் எந்த டயரும் முழுப் பயன் தராது என்றார். பைகளைத் தொட்டியின் கடைக்கோடியில் வைக்காமல், சரியாகப் பின்னச்சுக்கு மேலே அடுக்கி, பிரேக் பிடிக்கும்போது முன்னே பாயாதபடி கயிற்றால் குறுக்கே கட்டினார். எட்டுப் பைகள். எட்டாவது பையின் வாயை மட்டும் இறுக்காமல் தளர்வாக முடிந்து, ஒரு சிறு மண்வெட்டியை அதில் செருகினார். எங்கேனும் சிக்கிக்கொண்டால் சக்கரத்தின் கீழே அள்ளிப் போடுவதற்காம்.

“உள்ளே வாருங்கள், காப்பி போடுகிறோம்” என்றோம். அவர் மிதியடியில் பனியைத் தட்டிவிட்டு வந்து அமர்ந்தார்.