துடிப்பு தவறும் இடம்

பெங்களூரு சிவாஜிநகரின் பின்தெருக்களுக்கு வரும் பழைய வண்டிகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உறுப்பு உறுப்பாகக் கழற்றப்பட்டு விலைபோவது. மற்றொன்று, பழுது நீங்கி வீடு திரும்புவது. எந்த வழி என்பதைப் பல நேரங்களில் பழுதை ஆராய்பவரின் பொறுமையே முடிவு செய்கிறது. பணிமாற்றம் பெற்று இந்நகருக்கு வந்த எனக்கு இதை உணர்த்தியது, என் தந்தையார் விட்டுச்சென்ற பத்மினி மகிழுந்து.

அதன் எஞ்சினில் சிலிண்டர் எனப்படும் உருளைகள் நான்கு. ஒவ்வோர் உருளைக்கும் மூன்று தேவைகள் உள்ளன. பெட்ரோலும் காற்றும் அளவாகக் கலந்து உள்ளே வர வேண்டும். அக்கலவை நன்கு அழுத்தப்பட வேண்டும். உரிய நொடியில் தீப்பொறி தோன்ற வேண்டும். எஞ்சின் நிமிடத்திற்கு 800 முறை சுழன்றால், ஓர் உருளையில் 400 முறை தீப்பற்றும். நான்கிலும் சேர்த்து 1,600 முறை. மூன்று தேவைகளுள் ஒன்று குறைந்தாலும் துடிப்பு தவறும், வண்டி குலுங்கும். இதனைச் சிவாஜிநகரில் ‘மிஸ்ஸிங்’ என்பார்கள்.

எங்கள் வண்டிக்கு அந்நோய் வந்தபோது, ஒரு பணிமனையில் எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்றனர். அதற்கான செலவு என் இரண்டு மாத ஊதியத்தை விஞ்சியது. “விற்றுவிடலாம்” என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகலில், வண்டியைச் சிவாஜிநகருக்கு ஓட்டிச் சென்றேன்.

அங்கிருந்த முதியவரை எல்லாரும் ‘பாய்’ என்றே அழைத்தனர். அவர் கருவியை எடுக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

“எப்பெப்போ மிஸ்ஸிங் அடிக்குது, டீச்சரம்மா?”

“மழை நாளில்தான் பாய். வெயிலில் நன்றாகவே ஓடுகிறது.”

அவர் தலையசைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், காப்பிட்ட குறடால் தீப்பொறிச் செருகிகளின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதற் கம்பியைக் கழற்றியதும் எஞ்சின் இன்னும் தள்ளாடியது. அப்படியானால் அவ்வுருளை வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். இரண்டாவதும் நான்காவதும் அவ்வாறே. மூன்றாவதைக் கழற்றியபோது ஓசையில் மாற்றமே இல்லை. உழைக்காதவர் விடுப்பு எடுத்தால் யாருக்குத் தெரியும்?

மூன்றாம் உருளையின் செருகியை வெளியே எடுத்தார். அது பெட்ரோலில் நனைந்திருந்தது. எரிபொருள் வருகிறது, எரியவில்லை. அதனை இரண்டாம் உருளைக்கு மாற்றிப் பார்த்தார். அங்கே அது நன்றாக வேலை செய்தது. பழுது மூன்றிலேயே நின்றது. ஆகவே, செருகி குற்றமற்றது. அழுத்தமானியை வைத்து அளந்தார். நான்கு உருளைகளிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தது. எனவே எஞ்சினைப் பிரிக்க வேண்டிய காரணமும் மறைந்தது.

பின்னர்ப் பொழுது சாயும்வரை காத்திருந்தார். இருட்டில் எஞ்சினை இயக்கியதும், மூன்றாம் கம்பியிலிருந்து நீல ஒளி நூலிழைபோல் அருகிலிருந்த உலோகத்திற்குத் தாவியது. பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் செல்லும் அக்கம்பியின் உறை முதுமையால் வெடித்திருந்தது; ஈரம் படிந்த நாள்களில் மின்சாரம் செருகியை அடையாமல் வெளியே கசிந்தது. கம்பிகளை மாற்றியதும் எஞ்சின் சீராகத் துடித்தது. அன்றிரவு அம்மா தெருமுனை வரை ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றார்.

மாணவர்களே, அதே மாதத்தில் என் வகுப்பில் ஒரு சிறுவன் தமிழ் வாசிக்கத் திணறினான். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுபவன். கன்னட எழுத்துகளை முதலில் கற்றவன். “இவனுக்குத் தமிழ் வராது” என்று பலர் முடிவுகட்டியிருந்தனர். நான் அவனை ஒவ்வொரு சொல்லாகப் படிக்கச் செய்து, தடுமாறும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டேன். ‘மலை’, ‘வயல்’, ‘நிலா’ ஆகியவற்றில் தடையில்லை. ‘பகல்’, ‘பங்கு’, ‘பாடம்’ ஆகியவற்றில் நின்றான். கன்னடத்தில் வல்லோசைக்கும் மெல்லிய ஓசைக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழிலோ ஒரே ‘க’, ‘பக்கம்’ என்பதில் வலித்தும் ‘பங்கு’ என்பதில் மெலிந்தும் ஒலிக்கிறது. இடம் பார்த்தே ஒலிக்க வேண்டும். அவனுக்குத் தெரியாதது தமிழ் அன்று. அந்த ஒரு விதி மட்டுமே. க, ச, ட, த, ப என்னும் ஐந்து எழுத்துகளை இரண்டு வாரம் பழகினோம். அரையாண்டுக்குள் அவன் காலை வழிபாட்டில் தமிழ்ச் செய்தி வாசித்தான்.

பழுது ஓரிடத்தில் இருக்க, முழுவதையும் பயனற்றது எனத் தள்ளுவது எளிது. உங்களுள் யாரேனும் “எனக்குத் தமிழ் வராது” என்று எண்ணினால், அந்த முடிவைச் சற்றே ஒத்திவையுங்கள். எந்தச் சொல்லில் நிற்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பிறகு அச்சொல்லின் எந்த எழுத்தில் என்று பாருங்கள்.