மேலே மௌனம்... கீழே படபட!

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம். செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கொயர் நிறுத்தத்தில் டிராமைவிட்டு இறங்கியதும், வட்ட வடிவில் பிரமாண்டமான மத்திய நூலகம் கண்ணில் படுகிறது. அதை ஒட்டி நடந்தால் மவுன்ட் ஸ்ட்ரீட். அங்கே உயரமான தூண்களோடு நிற்கிறது ‘ஃப்ரெண்ட்ஸ் மீட்டிங் ஹவுஸ்’. 1830-ல் கட்டி முடிக்கப்பட்ட, குவேக்கர் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு இல்லம்.

இவர்களின் வழிபாடு வித்தியாசமானது. பிரசங்கம் செய்யப் பாதிரியார் கிடையாது. எல்லோரும் சேர்ந்து மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது பேசத் தோன்றினால் எழுந்து நாலு வார்த்தை பேசலாம். பிறகு மீண்டும் மௌனம்.

நான் தேடி வந்தது கட்டடத்தின் பின்பக்கத்தை. அங்கே இருக்கிறது சென்ட்ரல் ஸ்ட்ரீட். 1980-களில், இங்கே 6-ம் எண்ணில்தான் ‘ஓஷன்’ என்ற வீடியோ கேம் நிறுவனம் இயங்கியது. அதாவது, இதே வழிபாட்டு இல்லத்தின் அடித்தளத்தில்! புரோகிராமர்கள் வேலை பார்த்த அந்த இடத்துக்கு அவர்களே வைத்த பட்டப்பெயர் ‘டஞ்சன்’. பாதாளச் சிறை என்று அர்த்தம்.

ஓஷன் 1984-ல் வெளியிட்ட கேம்களில் ஒன்று ‘டேலி தாம்சன்ஸ் டெகாத்லான்’. டெகாத்லான் என்றால் இரண்டு நாள்களில் பத்து தடகளப் போட்டிகள். 100 மீட்டர் ஓட்டத்தில் தொடங்கி 1,500 மீட்டரில் முடியும். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர் பிரிட்டனின் டேலி தாம்சன். அவரை வைத்து வந்த இந்த கேமில், ஓடுவதற்கு ஒரே வழிதான்: ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமுமாக வெறித்தனமாக ஆட்ட வேண்டும். இல்லையென்றால் இரண்டு பட்டன்களை மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். கை எவ்வளவு வேகமோ, திரையில் கால் அவ்வளவு வேகம்.

ரப்பர் பட்டன்கள் கொண்ட ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில், கேசட்டிலிருந்து கேம் ஏற சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு வீடே அதிரும். உடைந்த ஜாய்ஸ்டிக்குகளுக்காகவே இந்த கேமை இன்றும் நினைவு வைத்திருப்பவர்கள் பலர். சோபாவில் உட்கார்ந்து விளையாடினாலும் மணிக்கட்டு வலி நிஜம்!

அதே 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தாம்சன் மீண்டும் தங்கம் வென்றார். ஆனால் உலக சாதனைக்கு ஒரே ஒரு புள்ளி குறைந்தது. பிறகு 110 மீட்டர் தடை ஓட்டத்தின் புகைப்படங்களை மறுபடி ஆராய்ந்தபோது, நேரத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு குறைந்தது. விடுபட்ட புள்ளி கிடைத்தது. சாதனையைச் சமன் செய்தவரானார். ‘இன்னும் கொஞ்சம் வேகமாகத் தட்டியிருக்கலாமே’ என்று திரை முன்னால் புலம்பிய பிள்ளைகளுக்கு அந்த நூறில் ஒரு பங்கின் அருமை நன்றாகவே புரிந்திருக்கும்.

1996-ல் ஓஷனை ஒரு பிரெஞ்சு நிறுவனம் வாங்கியது. பிறகு அந்தப் பெயரும் மறைந்தது. குவேக்கர்கள் இன்றும் இங்கே கூடுகிறார்கள்.

தெருவில் லேசான தூறல். திரும்பும் வழியைப் பார்க்க செல்போனை எடுத்தேன். கட்டைவிரலை ஒருமுறை நகர்த்தினேன். வேலை முடிந்தது. கை கொஞ்சமும் வலிக்கவில்லை. அதுதான் ஏனோ குறையாகத் தோன்றியது.