மூன்று ஓம் போதும்

பழைய கார் நடுரோட்டில் நின்றால் முதலில் திட்டு வாங்குவது கார்புரேட்டர். அடுத்தது பெட்ரோல் பங்க்காரர். இக்னிஷன் காயிலை யாரும் நினைப்பதில்லை. இன்ஜினுக்குப் பக்கத்தில் சின்ன டப்பா மாதிரி உட்கார்ந்திருக்கும் அதற்கு ஒரே வேலைதான். பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி, பிளக்கில் பொறி பறக்கும் அளவுக்குப் பல ஆயிரம் வோல்ட்டாக்கித் தரவேண்டும். உள்ளே தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. டிஸ்ட்ரிப்யூட்டரில் பாயின்ட் திறந்து மின்சாரம் அறுபடும் கணத்தில் காந்தப்புலம் சரிகிறது, பொறி பிறக்கிறது. மொழிபெயர்ப்பில் நான் இதை ‘எரியூட்டுச் சுருள்’ என்று எழுதுவேன். மும்பையின் உதிரிபாகக் கடைகளில் அது வெறும் காயில்.

எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினி 1986 மாடல். பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அப்பா வாங்கியது. குர்லா தொழிற்சாலையில் 1964இல் ஃபியட் 1100ஆகத் தொடங்கி, 1974இல் பத்மினி என்று பெயர் மாறிய வண்டி அது. உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. 2023 அக்டோபரில் மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸியும் ஓய்வு பெற்றது. டாக்ஸிகள் ஓடியவரை எந்தத் தெருமுனையிலும் பாகம் கிடைத்தது. இப்போது தேட வேண்டியிருக்கிறது.

வண்டிக்கு வந்தது விசித்திரமான நோய். காலையில் ஒரே சாவியில் கிளம்பும். வெயிலில் அரை மணி நேரம் ஓடினால் இருமும், பிறகு நிற்கும். இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். மூன்றாவது முறை நின்றபோது, கண் பரிசோதனை முடிந்து திரும்பிய அப்பா உள்ளே இருந்தார். வயது 81. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எதிரே வருவது எதுவும் தெரியாது. சயானில் முகம் தெரியாத இருவர் வண்டியைத் தள்ளி ஓரங்கட்டினார்கள். அன்றிரவு புனேயிலிருந்து அண்ணன் பேசினார். “இன்னொரு தடவை நின்றால் பழைய இரும்புக் கடைதான்.” அப்பா பதில் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாதுங்காவில் இருக்கும் மெக்கானிக் அவசரப்படாதவர். முதலில் கண்டன்ஸரை மட்டும் மாற்றினார். விலை குறைவு, கெட்டுப்போனால் காயில் போலவே நடிக்கும் என்பது அவர் விளக்கம். நோய் தீரவில்லை. அடுத்து வண்டியைச் சூடேற வைத்து, நின்றவுடன் காயிலில் மீட்டரை வைத்தார். ஆறியிருந்தபோது ஒழுங்காகக் காட்டிய உயர் அழுத்தச் சுற்று சூட்டில் அறுந்திருந்தது. பழைய காயிலை ஆறிய நிலையில் சோதித்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சான்றிதழ் தருவதில் பயனில்லை.

கடையில் மூன்று காயில்கள் மேஜைக்கு வந்தன. முதலாவது மலிவு, 1.5 ஓம். பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டிகளுக்கானது. எங்கள் வண்டியில் அது கிடையாது. 12 வோல்ட்டை 1.5 ஓமால் வகுத்தால் 8 ஆம்பியர். பாயின்ட் கருகும், காயில் கொதிக்கும். இரண்டாவது பளபளக்கும் ‘ஸ்போர்ட்ஸ்’ ரகம். அட்டையில் 40,000 வோல்ட். ஆனால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் போதுமான அளவு வந்ததுமே பொறி தாவிவிடும். வோல்ட் அதற்கு மேல் ஏறாது. சாதாரண இன்ஜினில் மிச்ச வோல்ட்டெல்லாம் அட்டையோடு சரி. மூன்றாவது எண்ணெய் நிரப்பிய சாதாரண காயில். 3 ஓம், 4 ஆம்பியர். மெக்கானிக் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வயரின் சொந்தத் தடையைக் கழித்துக்கொண்டே அளந்தார். பெட்டியில் அச்சிட்டதை அவர் நம்புவதில்லை.

பாயின்ட்டே வேண்டாம், எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாம் என்று நான்காவது யோசனையும் வந்தது. நல்ல யோசனைதான், பராமரிப்பு குறைவு. வீட்டில் சொன்னபோது அப்பா முதல் முறையாக வாய் திறந்தார். “ரோட்டில் நின்றால் பாயின்டை உப்புத்தாளில் தேய்த்துக் கிளப்பலாம். அந்தப் பெட்டி நின்றால் எதைத் தேய்ப்பாய்?” 3 ஓம் காயில் முடிவானது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. பிளஸ் சாவிப் பக்கம், மைனஸ் டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கம். மாறினாலும் வண்டி ஓடும், பொறி பலவீனமாகும். அடுத்து, இன்ஜின் ஓடாதபோது சாவியைத் திருப்பி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. பாயின்ட் மூடியிருந்தால் புதுக் காயிலும் வெந்துவிடும்.

ஒரு நண்பகலில் அப்பாவை ஏற்றிக்கொண்டு பன்வெல் வரை போய்த் திரும்பினேன். வண்டி எங்கும் நிற்கவில்லை. இனி மறுபதிவு. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணம் 10,000 ரூபாயாக உயர்ந்தது. காயில் விலை அதில் ஒரு மூலைக்குக் காணாது. “வேண்டுமா?” என்று போனில் கேட்டார் அண்ணன். மறுபதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விண்ணப்பத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு அப்பா கையெழுத்துப் போட்டார்.