குறட்டைக்குக் கத்தியா, காற்றா?

குறட்டை விடுபவரைப் பார்த்தால் வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. கும்பகர்ணன் என்று பட்டப்பெயர் கூட உண்டு. ஆனால் அந்தக் குறட்டை திடீரென்று நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல், பிறகு திணறிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. அதன் பெயர் ஸ்லீப் ஆப்னியா.

நடப்பது இதுதான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைத்துக்கொள்கிறது. மூளை பதறிப்போய் எழுப்பிவிடுகிறது. மணிக்கு எத்தனை முறை மூச்சு 10 விநாடியாவது நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்ணிக்கைதான் ஏஹெச்ஐ. 5 முதல் 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

1981ல் இதற்கு இரண்டு வழிகள் வந்தன. சிட்னியில் காலின் சல்லிவன் குழு, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் முறையைச் சொன்னது. அதே வருடம் அமெரிக்காவில் ஷிரோ ஃபுஜிடா குழு, உள்நாக்கையும் மென்மையான அண்ணத்தில் கொஞ்சத்தையும் வெட்டித் தொண்டையை அகலமாக்கும் யூபிபிபி ஆபரேஷனைச் சொன்னது.

சிபாப் நன்றாக வேலை செய்யும். ஆனால் மாட்டினால்தான்! கழற்றிய ராத்திரி நோய் திரும்பிவிடும். முகமூடி அழுத்துகிறது, மூக்கு காய்கிறது, ஊருக்குப் போனால் தூக்கிக்கொண்டு போகணும். பலர் மெஷினை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். "ஒரு தடவை வலியைத் தாங்கிட்டா முடிஞ்சது" என்று ஆபரேஷன் பக்கம் மனசு போவது இங்கேதான்.

முடிகிறதா? பழைய ஆய்வுகளைத் தொகுத்து 1996ல் வந்த கட்டுரை, யூபிபிபியின் வெற்றி சுமார் 41 சதவீதம் என்றது. அதிலும் 'வெற்றி' என்ற சொல்லைக் கவனிக்கணும். ஏஹெச்ஐ பாதியாகக் குறைந்து 20க்குக் கீழே வந்தால் வெற்றி என்பதுதான் வழக்கமான கணக்கு. 38 இருந்தவருக்கு 18 ஆனால் பாஸ். ஆனால் 18 என்பது இன்னமும் நடுத்தர நோய்! கடன் பாதி அடைந்ததற்கே கணக்கை மூடுவது மாதிரி.

காரணம் சுலபம். அடைப்பு அண்ணத்தில் மட்டும் இருப்பதில்லை, நாக்கின் அடிப்பக்கத்திலும் இருக்கலாம். அண்ணம், நாக்கு இரண்டையும் சரிசெய்து பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2020ல் வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் சராசரி 47.9லிருந்து 20.8க்கு இறங்கியது. பெரிய முன்னேற்றம், முழு குணம் அல்ல.

மேல், கீழ் தாடைகளை வெட்டிச் சுமார் 10 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தும் ஆபரேஷன் இதைவிட நல்ல பலன் தரும். ஆனால் முகத்தின் அமைப்பு மாறும், உதடும் தாடையும் மரத்துப்போகலாம், வாரக்கணக்கில் கஞ்சிதான். நாக்கு நரம்பைத் தூண்டும் கருவிக்கு அமெரிக்கா 2014ல் அனுமதி தந்தது. 126 பேரிடம் செய்த சோதனையில் ஒரு வருடத்தில் இடைநிலை ஏஹெச்ஐ 29.3லிருந்து 9க்கு வந்தது. ஆனால் விலை எக்கச்சக்கம், எல்லோருக்கும் பொருந்தவும் பொருந்தாது.

குழந்தைகள் கதை வேறு. டான்சிலும் அடினாய்டும் வீங்கி அடைப்பவர்களுக்கு அவற்றை எடுப்பதுதான் பெரும்பாலும் முதல் சிகிச்சை. 2013ல் வந்த ஆய்வில் எடுத்த குழந்தைகளில் 79 சதவீதத்துக்குச் சரியானது. எடுக்காமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவீதத்துக்குச் சரியானது என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

கத்தியும் காற்றும் எதிரிகளும் இல்லை. மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்தால் மட்டும் ஆப்னியா போவது அபூர்வம். ஆனால் அதுவரை தாங்க முடியாத சிபாப் அதன் பிறகு தாங்கக்கூடியதாகிறது.

அதனால் கத்திக்குச் சம்மதிக்கும் முன் டாக்டரிடம் மூன்று கேள்விகள். அடைப்பு எந்த இடத்தில்? உங்கள் கணக்கில் வெற்றி என்றால் எந்த எண்? ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி தூக்கப் பரிசோதனை எப்போது?

மூன்றாவதுதான் முக்கியம். அண்ணத்தை வெட்டினால் குறட்டைச் சத்தம் போய்விடும், மூச்சு நிற்பது போகாமல் இருக்கலாம். முன்பு சத்தம் கேட்டாவது பக்கத்தில் படுத்திருப்பவர் தட்டி எழுப்புவார். இப்போது வீடே குணமாகிவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கும். மறுநாள் காலை ஸ்டியரிங் பிடிக்கப் போகிறவருக்கு மட்டும் கண் சொக்கும்.